ஜப்பானியப் பின்கள வீரரின் தொழில் எப்படி நகர்கிறது: மாயா யோஷிடாவின் பாதையில் ஓர் அறிமுகம்

32, 8, 22, 20, 23, 24, 17, 8. இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கில் சவுத்தாம்ப்டன் அணிக்காக மாயா யோஷிடா 2012 முதல் 2020 வரை பருவத்துக்கு எத்தனை லீக் ஆட்டங்கள் ஆடினார் என்ற கணக்கு இது. ஒரு பருவத்தில் மொத்தம் 38 ஆட்டங்கள். முதல் பருவத்தை விட்டுவிட்டால், எந்தப் பருவத்திலும் அவர் அசைக்க முடியாத முதல் தேர்வாக இருந்ததில்லை. ஆனாலும் ஏழரை ஆண்டுகள் அங்கே நிலைத்தார். 154 லீக் ஆட்டங்கள் ஆடினார். அதே காலத்தில் ஜப்பான் தேசிய அணியின் கேப்டனும் ஆனார்.

பின்கள வீரரின், குறிப்பாக நடுப் பின்களத்தில் நிற்கும் சென்டர்-பேக்கின் தொழில்வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. அணியில் அந்த இடங்கள் இரண்டோ மூன்றோதான். ஒருவர் காயப்பட வேண்டும், விற்கப்பட வேண்டும், அல்லது தடை பெற வேண்டும். அப்போதுதான் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். கிடைத்த அன்றே தயாராக இருப்பவர் நீடிக்கிறார். ஜப்பானில் ஒரு சிறுவன் அந்த நிலைக்கு வருவதற்கு என்னென்ன வாசல்களைத் தாண்ட வேண்டும், ஒப்பந்தம் எப்படி, ஐரோப்பா போவது எப்படி, எங்கே சறுக்குகிறது என்பதை யோஷிடாவை வைத்தே பார்ப்போம்.

உள்ளே நுழையும் வாசல்கள்

ஜப்பானின் தொழில்முறைப் போட்டியான ஜே-லீக் 1993 மே மாதம் 10 அணிகளுடன் தொடங்கியது. 1999-இல் இரண்டாம் பிரிவும் 2014-இல் மூன்றாம் பிரிவும் வந்தன. இப்போது பிரிவுக்கு 20 வீதம் 60 அணிகள். இந்த அணிகளுக்குள் நுழைய மூன்று பாதைகள் உண்டு: கிளப்பின் சொந்த அகாடமி, உயர்நிலைப் பள்ளி அணி, பல்கலைக்கழக அணி.

யோஷிடா அகாடமி வழியாக வந்தவர். 1988-இல் நாகசாகியில் பிறந்தார். நாகோயா கிராம்பஸ் கிளப் 15 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு நடத்திய தேர்வில் தேறியதும், கியூஷு தீவிலிருந்து புறப்பட்டு நாகோயாவில் அண்ணனோடு தங்கிப் பயிற்சிக்குப் போனார். பிறகு 18 வயதுக்குட்பட்டோர் அணி, 2007-இல் முதன்மை அணி. அகாடமியில் இருக்கும்போதே முதன்மை அணிக்கு ஆட ஒருவரைப் பதிவுசெய்யும் ஏற்பாடும் உண்டு. பதினேழு வயதுப் பையன் ஜே-லீக் ஆட்டத்தில் இறங்கினான் என்று செய்தி வந்தால் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான் காரணம்.

பல்கலைக்கழகப் பாதையை வெளிநாட்டு ரசிகர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் 22 வயது வரை கல்லூரி அணியில் ஆடுபவரை யாரும் தேட மாட்டார்கள். ஜப்பானில் அது இரண்டாவது வாய்ப்பு. யூட்டோ நாகடோமோ சிறுவயதில் எஹிமே கிளப்பின் இளையோர் தேர்வில் தோற்றவர். மெய்ஜி பல்கலைக்கழக அணியிலிருந்து எஃப்சி டோக்கியோவுக்கு வந்து, 2011 ஜனவரியில் இன்டர் மிலானை அடைந்தார். சுயோஷி வதனபே டோக்கியோ கிளப்பின் இளையோர் பிரிவிலிருந்து மேலே ஏற முடியாமல் பள்ளி அணிக்குப் போய், சூவோ பல்கலைக்கழகம் வழியாக அதே கிளப்புக்குத் திரும்பினார். பெல்ஜியம் வழியாக 2025-இல் நெதர்லாந்தின் ஃபெயனூர்டில் சேர்ந்தார். சென்டர்-பேக்கின் உயரமும் உடல்வலுவும் தாமதமாக முழுமையடைவதால் இந்தப் பாதை அவர்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. படித்துக்கொண்டிருக்கும் மாணவர் கல்லூரி அணியை விடாமலே ஜே-லீக் கிளப்புக்கும் ஆட 'சிறப்பு நியமன வீரர்' என்ற அனுமதி இருக்கிறது.

இந்த மூன்றிலும் அடங்காதவர்களும் உண்டு. யூஜி நாகசாவா பள்ளி முடித்துப் பிரேசிலுக்குப் போய்ப் பயிற்சி பெற்று, திரும்பி வந்து ஜே-லீக்கின் வெர்டி அணியில் ஒப்பந்தமில்லாமல் பயிற்சி பெறுபவராக இருந்து இடம் பிடித்தவர். தேசிய அணிக்கு 110 ஆட்டங்கள் ஆடினார்.

முதல் ஒப்பந்தமும் நிமிடக் கணக்கும்

ஜே-லீக்கில் நீண்ட காலம் ஏ, பி, சி என்று மூன்று வகை ஒப்பந்தங்கள் இருந்தன. புதிதாக வருபவர் சி வகையில்தான் தொடங்க வேண்டும். ஆண்டு ஊதியத்தின் உச்சவரம்பு 46 லட்சம் யென். அதிலிருந்து ஏ வகைக்கு ஏற, முதல் பிரிவில் 450 நிமிடம், இரண்டாம் பிரிவில் 900 நிமிடம், மூன்றாம் பிரிவில் 1,350 நிமிடம் ஆடியிருக்க வேண்டும்.

450 நிமிடம் என்பது ஐந்து முழு ஆட்டங்கள். முன்கள வீரர் இதைக் கடைசி இருபது நிமிடம், கடைசி பதினைந்து நிமிடம் என்று சிறுகச் சிறுகச் சேர்த்துவிடுவார். அணி பின்தங்கினால் பயிற்சியாளர் முதலில் அழைப்பது புதிய தாக்குதல் வீரரைத்தான். சென்டர்-பேக்கைப் பாதி ஆட்டத்தில் மாற்ற எந்தப் பயிற்சியாளரும் தயங்குவார். அந்த வரிசையின் இசைவு கெட்டால் உடனே கோல் விழும். ஐந்து மாற்று வீரர்கள் அனுமதிக்கப்படும் இப்போதும் நிலைமை அதேதான். ஆகவே இளம் பின்கள வீரருக்கு ஒன்று 90 நிமிடம் கிடைக்கும், இல்லாவிட்டால் பூஜ்யம். முதல் பிரிவில் பெஞ்சில் உட்கார்வதைவிட இரண்டாம் பிரிவு அணிக்கு ஒரு பருவம் லோனில் (தற்காலிக இரவலாக) போய் முழு ஆட்டங்கள் ஆடுவதே 19, 20 வயதில் நல்ல முடிவு.

2026 முதல் இந்த மூன்று வகைப் பிரிவு இல்லை. முதல் ஒப்பந்தத்தின் அடிப்படை ஊதிய உச்சவரம்பு 1.2 கோடி யென்னாக உயர்ந்தது. குறைந்தபட்ச ஊதியமும் வந்தது: ஆண்டுக்கு முதல் பிரிவில் 48 லட்சம், இரண்டாம் பிரிவில் 36 லட்சம், மூன்றாம் பிரிவில் 24 லட்சம் யென். பழைய வரம்பு, பல்கலைக்கழகத்திலிருந்து நேராக ஐரோப்பாவுக்குப் போக இளைஞர்களைத் தூண்டியது என்ற கவலை ஜப்பானில் வெகுகாலமாக இருந்தது. இந்த மாற்றம் தாமதமாக வந்தாலும் தேவையானது.

யோஷிடாவுக்கு நிமிடங்கள் கிடைத்தது இடமாற்றத்தால். அகாடமியில் அவர் தடுப்பு நடுக்கள வீரர். முதன்மை அணியில் சென்டர்-பேக் ஆக்கப்பட்டார். 2007 முதல் 2009 வரை நாகோயாவுக்காக 71 லீக் ஆட்டங்கள் ஆடினார். நடுக்களத்திலிருந்து பின்னே இறக்கப்படுபவருக்கு ஒரு வசதி உண்டு: பந்தை வாங்கும்போதே அடுத்த பாஸ் எங்கே என்று தலை திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருக்கும். ஒரு குறையும் உண்டு. நடுக்களத்தில் பந்தை இழந்தால் பின்னால் காக்க ஆள் இருக்கிறார். கடைசி வரிசையில் கோல்கீப்பர் மட்டும்தான். இந்தக் குறை எங்கே தலைகாட்டியது என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஐரோப்பாவுக்குப் போவது: திறமையோடு காகிதமும்

18 வயது நிறையாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றுவதை, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா தடை செய்திருக்கிறது. அதனால் ஜப்பானியர் 18 வயதுக்குப் பிறகுதான் கிளம்ப முடியும். எந்த நாட்டில் முதலில் இறங்குகிறார் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த நாட்டு விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நெதர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவருக்கு, லீக்கின் சராசரி ஊதியத்தில் ஒன்றரை மடங்கு தந்தாக வேண்டும். 18, 19 வயதினருக்கு அதில் பாதி போதும். சின்ன கிளப்புகளுக்கு இது பெரிய சுமை. பெல்ஜியத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகை வெகுவாகக் குறைவு, ஆட்களின் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. 2017 முதல் ஜப்பானிய நிறுவனமான டிஎம்எம்-இன் கையில் இருக்கும் சின்ட்-ட்ரைடன் கிளப் பல ஜப்பானியருக்கு முதல் படியாக அமைந்தது இப்படித்தான். பின்கள வீரர் தகேஹிரோ தோமியாசு 2018-இல் ஃபுகுவோக்காவிலிருந்து அங்கே போய், 2019-இல் போலோன்யா, 2021-இல் ஆர்சனல் என்று ஏறினார். ஜெர்மனியின் பண்டெஸ்லீகாவில் எண்ணிக்கை வரம்பு இல்லை. இத்தாலியில் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து புதிதாகப் பதிவுசெய்யப்படுபவர்களுக்குப் பருவந்தோறும் வரம்பு உண்டு.

இங்கிலாந்துதான் கடினம். யோஷிடா போன காலத்தில் இருந்த பொது விதி இது: ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்கும் நாட்டின் வீரர், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த நாடு ஆடிய முக்கிய ஆட்டங்களில் 75 விழுக்காடாவது ஆடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை அனுமதி கேட்டுத் தனியாக வாதாட வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு புள்ளிக் கணக்கு முறை வந்தது. அதிலும் தேசிய அணி நிமிடங்களுக்குப் பெரும் எடை. எனவே 22 வயது ஜப்பானியருக்கு தேசிய அணியில் இடம் கௌரவத்தோடு விசாவையும் தருகிறது. அந்த இடம் இல்லாவிட்டால் இரண்டும் கடினம்.

யோஷிடா 2010 ஜனவரியில் நெதர்லாந்தின் வெவெவெ-வென்லோ அணிக்குப் போனார். போனதும் பாத எலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தின் மிச்ச மாதங்களில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. அடுத்த பருவத்தில்தான் வரிசைக்குள் வந்தார். வென்லோ, பட்டியலின் அடியில் கிடந்து தப்பிப் பிழைக்கப் போராடிய அணி. சென்டர்-பேக்குக்கு அது நல்ல பள்ளி என்றே சொல்வேன். வெற்றி அணியில் ஆடும் பின்கள வீரருக்கு ஓர் ஆட்டத்தில் நான்கைந்து சோதனைகள் வரும். தோற்கும் அணியில் ஆடுபவருக்கு அவை ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் வரும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்பந்தக் காலம் முடியாத வீரர் பிற கிளப்புக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 விழுக்காடு. 30 லட்சம் யூரோவுக்கு விற்கப்படும் ஒருவரை 12 முதல் 21 வயது வரை ஒரே கிளப் வளர்த்திருந்தால் அதற்கு 4 விழுக்காடு, அதாவது 1,20,000 யூரோ போய்ச் சேரும். அடுத்தடுத்த விற்பனைகளிலும் இதே கணக்கு தொடரும்.

சவுத்தாம்ப்டனில் காத்திருந்த ஆண்டுகள்

2012 லண்டன் ஒலிம்பிக்கில் 23 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மூன்று இடங்களில் ஒன்றில் ஆடி, ஜப்பானுக்குக் கேப்டனாகவும் இருந்தார் யோஷிடா. அந்த அணி ஸ்பெயினை 1-0 என்று வென்று நான்காவதாக முடித்தது. ஆகஸ்ட் இறுதியில் சவுத்தாம்ப்டன் அவரை வாங்கியது. செப்டம்பரில் ஆர்சனல் மைதானத்தில் மாற்று வீரராக அவர் முதன்முதலாக இறங்கிய ஆட்டத்தில் சவுத்தாம்ப்டன் 6-1 என்று தோற்றது. ஆனாலும் அந்தப் பருவத்தில் 32 லீக் ஆட்டங்கள் ஆடினார்.

இனி அந்த எண் வரிசையைப் படிக்கலாம். 2013-இல் குரோஷியாவின் டெயன் லோவ்ரென் வந்தார்: 32 என்பது 8 ஆனது. 2014-இல் லோவ்ரென் லிவர்பூலுக்குப் போனார். டோபி ஆல்டர்வெய்ரெல்ட் ஒரு பருவத்துக்கு லோனில் வந்தார். 2015-இல் வெர்ஜில் வான் டைக் வந்தார். கேப்டன் ஜோசே ஃபோன்டே எப்போதும் இருந்தார். அந்தக் காலத்து உலகத் தரமான சென்டர்-பேக்குகள் வரிசையாக வந்து போன கிளப் அது. ஒவ்வொருவர் வரும்போதும் யோஷிடா பின்னுக்குப் போனார், போகும்போது முன்னுக்கு வந்தார்.

2017 ஜனவரியில் ஒரு வாரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். லீக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் சவுத்தாம்ப்டன் லிவர்பூலை 1-0 என்று வென்றிருந்தது. இரண்டாவது ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு ஃபோன்டே வெஸ்ட் ஹாமுக்கு விற்கப்பட்டார். அதற்கடுத்த ஓரிரு நாளில் வான் டைக் காயப்பட்டு வெளியேறினார். முதல் இரண்டு சென்டர்-பேக்குகளும் ஒரே வாரத்தில் இல்லாமல் போனார்கள். 25-ஆம் தேதி லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் இறங்கியது யோஷிடாவும் இளம் ஜாக் ஸ்டீபன்ஸும். லிவர்பூலுக்கு ஒரு கோலும் கொடுக்காமல், கடைசி நிமிடங்களில் ஷேன் லாங் அடித்த கோலால் மறுபடியும் 1-0. அணி வெம்ப்ளி இறுதியாட்டத்துக்குப் போனது. அங்கே மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3-2 என்று தோற்றார்கள்.

இப்படிப்பட்ட வாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் மாற்று சென்டர்-பேக் ஆடாத வாரங்களிலும் ஆட்டநாள் அளவுக்கு ஓட வேண்டும், முதல் அணியின் ஆஃப்சைடு வரிசை எந்தச் சைகையில் முன்னே ஏறுகிறது என்பதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், கோல்கீப்பரோடும் அடுத்து நிற்பவரோடும் பேசும் மொழி சரளமாக இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதை நான் முதலில் வைப்பேன். 'ஏறு', 'விடு', 'உன் பின்னால் ஆள்' என்பதை அரை நொடியில் சொல்ல முடியாத பின்கள வீரர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் பயனில்லை. ஆங்கிலம் பேசக் கற்று நேர்காணல்களில் இயல்பாகப் பேசிய யோஷிடா, அந்த அணியில் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கே தவறுகிறது

2011 ஆசியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஜோர்டானுக்கு எதிராக 90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் தலையால் முட்டி 1-1 ஆக்கியவர் யோஷிடா. காலிறுதியில் கத்தாருக்கு எதிராக இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு ஜப்பான் 3-2 என்று வென்றது; அரையிறுதியில் அவருக்குத் தடை. இறுதியில் திரும்பி வந்து கோப்பை வென்றார். முதல் மஞ்சள் அட்டைக்குப் பிறகு பின்கள வீரர் தூரத்தை மாற்ற வேண்டும்: எதிராளியை ஒட்டி நிற்காமல் ஓரிரு அடி பின்வாங்கி, காலை நீட்டாமல் வழியை மட்டும் மறைக்க வேண்டும். உடனே செய்யப் பழகாதவர்கள் இரண்டாவது அட்டையைத் தாங்களே தேடிக்கொள்கிறார்கள்.

2018 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்ற ஜப்பான், 2-2 ஆன பிறகு 90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தின் நான்காம் நிமிடத்தில் ஒரு கார்னர் உதைத்தது. தலையால் முட்டுவதற்காக யோஷிடாவும் கென் ஷோஜியும் எதிரணிக் கோல் முகத்துக்குப் போயிருந்தார்கள். கோல்கீப்பர் கோர்ட்வா பந்தைப் பிடித்து உடனே டி புரூய்னாவிடம் உருட்டினார். சில நொடிகளில் மறுமுனையில் சாட்லி கோல் அடித்தார். சென்டர்-பேக்குகள் கார்னருக்கு மேலே போவது வழக்கம்தான். அப்போது பின்னால் யார் நிற்கிறார்கள், கோல்கீப்பர் பந்தைப் பிடித்த அந்தக் கணத்தில் எதிர்த்தாக்குதலைத் தொடங்குபவரை யார் மறிக்கிறார்கள் என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அன்று மறிக்க ஆளில்லை.

2022 கத்தாரில் ஜெர்மனியை 2-1 என்று வென்ற அடுத்த ஆட்டம், கோஸ்ட்டாரிக்காவுடன். 81-ஆம் நிமிடம், கோல் இல்லை. தன் பெனால்டிப் பகுதி அருகே வந்த பந்தை யோஷிடா ஓங்கி வெளியே உதைக்காமல், பக்கத்தில் இருந்த சக வீரருக்கு மெதுவாகத் தூக்கிப் போடப் பார்த்தார். பந்து போய்ச் சேரவில்லை. கோஸ்ட்டாரிக்காவின் தெஹேடா இடையில் புகுந்து ஃபுல்லருக்குக் கொடுக்க, அவர் கோல்கீப்பருக்கு மேலே வளைத்து அடித்தார். 0-1. நடுக்களத்தில் வளர்ந்த பழக்கம் என்று மேலே சொன்னது இதைத்தான்: பந்தை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம், தவறான இடத்தில். எதிராளி மூன்று அடிக்குள் இருந்தால், முகம் சொந்தக் கோலைப் பார்த்திருந்தால், பந்து துள்ளிக்கொண்டிருந்தால், பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி உதைப்பதே சரி.

அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயினை வென்று ஜப்பான் குழுவில் முதலிடம் பெற்றது. யோஷிடா அதிலும் முழு நேரம் ஆடினார். நான்கு நாள் முன்பு அப்படி ஒரு தவறு செய்தவர் மறுபடியும் கடைசி வரிசையில் நின்று பந்தைக் கேட்டு வாங்கி ஆடுவது எவ்வளவு கடினம் என்பதைப் பின்களத்தில் ஆடியவர்கள் அறிவார்கள். குரோஷியாவுடனான அடுத்த சுற்றில் பெனால்டி உதைக்கவும் முன்வந்தார். அது தடுக்கப்பட்டது. தேசிய அணிக்கு அவர் ஆடிய ஆட்டங்கள் 126, கோல்கள் 12.

உடலும் வயதும்

ஐரோப்பாவில் ஆடும் ஜப்பானியர் தேசிய அணிக்காக ஆசியாவுக்குப் பறந்து, எட்டு ஒன்பது மணி நேர வேறுபாட்டில் ஆடி, திரும்பி வந்து வார இறுதியில் கிளப்புக்கு ஆட வேண்டும். தசைக் காயங்களுக்கு இது பெரும் காரணம். தோமியாசு முழங்கால் பிரச்சினையால் 2024-25 பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் சில நிமிடங்கள் மட்டும் ஆடினார். 2025 கோடையில் ஆர்சனலோடு ஒப்பந்தம் முடிந்தது. பின்கள வீரர் ஹிரோகி இட்டோவுக்கு 2024-இல் பயர்ன் மியூனிக்கில் சேர்ந்த கொஞ்ச நாளில் பாத எலும்பு முறிந்தது. 2025 மார்ச்சில் மறுபடியும் முறிந்தது. பாதத்தின் நீள எலும்புகளுக்கு ரத்த ஓட்டம் குறைவான இடங்கள் உண்டு; அங்கே முறிந்தால் வலி போனாலும் எலும்பு கூடியிருக்காது. வலி இல்லை என்று அவசரமாகத் திரும்புவதுதான் பலரைக் கவிழ்க்கிறது.

வேகம் குறையும் வயதில் சென்டர்-பேக்குக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் இருக்கிறது. நிற்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் ஓட வேண்டிய தூரம் குறையும். யோஷிடா 2020-இல் இத்தாலியின் சம்ப்டோரியாவுக்கும், 2022-இல் ஜெர்மனியின் ஷால்கேவுக்கும் போனார். ஷால்கே அந்தப் பருவத்திலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 34 வயதில் அங்கிருந்து விடுபட்டு, 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் எல்ஏ கேலக்ஸியில் சேர்ந்தார். 2024 டிசம்பரில் நியூயார்க் ரெட் புல்ஸை 2-1 என்று வென்று அமெரிக்க லீக்கான எம்எல்எஸ்-இன் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு 36 வயது, அணிக் கேப்டன் அவரே.

இனி கிளம்பப்போகும் இளம் பின்கள வீரர்களுக்கு ஒரு விஷயம் மாறுகிறது. ஜே-லீக் இதுவரை பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. ஐரோப்பியக் கிளப்புகள் அதிகம் வாங்கும் கோடையில் ஜப்பானியர் தங்கள் பருவத்தின் நடுவில் இருந்தார்கள். தங்கள் பருவம் முடிந்து ஜனவரியில் போனால், ஏற்கெனவே பாதி ஆடி இசைந்துவிட்ட பின்வரிசைக்குள் புதிதாக நுழைய வேண்டியிருந்தது. யோஷிடா வென்லோவுக்கும் தோமியாசு சின்ட்-ட்ரைடனுக்கும் போனது ஜனவரியில்தான். 2026 ஆகஸ்டிலிருந்து ஜே-லீக்கும் ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டு மே இறுதிவாக்கில் முடியும் அட்டவணைக்கு மாறுகிறது. சென்டர்-பேக்காகப் போகிறவர் இனி ஜூலையில், பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமின் முதல் நாளிலேயே புதிய அணியோடு சேரலாம்.